படத்துக்குப் பின்னால் ஒரு வரி

இயேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை 4
8-3-1998

அன்புத் தங்கை அல்போன்சாவுக்கு, அண்ணன் காஸ்பர் ஆசியுடன் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் வரப்போகும் செய்திகளை முதலில் எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன். வானிலை அலுவலகத்தை விட்டு இத்தனை வருஷமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்.

1. நம் இருவர் நலம்.
2. நான் வீடு மாறுவதும், சிப்பி அலமாரி பள்ளிக்கூடத்துக்குப் போவதும்.
3. நீ செய்ய வேண்டிய காரியம்.
4. ஜாக்சன் போட்ட இணையப் பக்கமும், அதில் நான் எழுத மறுத்த வரிகளும்.
5. நன்றி.

1. நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் யோசிக்கிறது. உன் கிறிஸ்மஸ் கடிதத்தில் எழுத்து ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? குளிரில் கை விறைக்கிறதா? மகள் கரோலிடம் சொல்லி நல்ல கையுறை வாங்கிக்கொள்.

2. இந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். வீட்டுக்காரர் நல்லவர், வருஷக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். திருவான்மியூரில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட இடம் பார்த்திருக்கிறேன். அலமாரி அங்கே நுழையாது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி, கிறிஸ்மஸ் விடுமுறையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது.

3. அலமாரியில் பாதி நீ பொறுக்கியது. உனக்கு வேண்டியதை நீ சொல்லி, அதை நான் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவை போகும். நீ பார்க்காமல் ஒன்றையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாதிரிக்கு நான்கு புகைப்படங்கள் இத்துடன் வைத்திருக்கிறேன்.

4. எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து அனுப்ப முடியாதே என்று தவித்தபோது, நம் சேவியர் மகன் ஜாக்சன் வழி சொன்னான். பாண்டி பஜாரில் அவனுடைய பிரவுசிங் சென்டரில் ஸ்கேனர் இருக்கிறது. சிப்பிகளைக் கண்ணாடிமேல் வைத்து, கறுப்புத் துணியால் மூடிப் படமாக்கி, இணையத்தில் ஏற்றிவிட்டான். முகவரியைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுதித்தரச் சொன்னான். தேடும் இயந்திரம் என்று ஒன்று ராப்பகலாகப் பக்கம் பக்கமாக ஊர்ந்து எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொள்ளுமாம். அதற்குப் படம் தெரியாது, அந்த வரிதான் தெரியும் என்கிறான். நான் மறுத்துவிட்டேன். படம் வந்ததும் வரி மறைந்துவிடுகிறது. மனிதர் யாரும் படிக்கப் போகாத வரியை எழுதுவது வீண் என்பது என் கருத்து. என் கருத்துகள் பற்றி எனக்கு எப்போதும் சந்தேகம்தான் என்றாலும், இதில் அவ்வளவாக இல்லை.

5. பார்க்கிறேன் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அன்புள்ள அண்ணன்,
காஸ்பர்


ஸ்கார்பரோ, கனடா
2-4-1998

அன்புள்ள அண்ணனுக்கு அல்போன்சா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் கரோலும் நலம். பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுங்கள்.

எழுத்து பெரிதாக இருப்பது பேனாவின் குற்றம். கரோல் வாங்கித் தந்தது, குச்சி மாதிரித் தடிமன். கையுறையெல்லாம் இருக்கிறது.

புகைப்படங்கள் வந்தன. நான்கு சிப்பிகளும் வெகு அழகு.

இணையப் பக்கத்துக்கு வருகிறேன். முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது பெரிய காரியமா? வீட்டு எண் சொன்னால் தபால்காரனும்தான் வருவான். நான் தேடிப் பார்க்க வேண்டும். ‘சாந்தோம் சிப்பி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் உங்கள் பக்கம் வந்து நிற்க வேண்டும். அப்படி வந்தால்தான் தேர்ந்தெடுப்பேன். பிடிவாதம் என்பீர்கள். ஆமாம்.

அதற்கு ஜாக்சன் சொன்னதைச் செய்யுங்கள். ஒரு படத்தையும் விடாமல் வரி எழுதுங்கள். எனக்கு இந்த உபகாரம் வேண்டும், அண்ணே.

உங்கள் தங்கை,
அல்போன்சா


சாந்தோம்
26-4-1998

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நலம், உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

1. முதலில் மன்னிப்பு. உனக்கு அனுப்பிய நான்கு படங்களில் ஒன்று சிப்பி இல்லை. அனுப்ப வேண்டிய முள்சங்குப் படம் நேற்று மேசை இழுப்பறையில் கிடைத்தது. அதற்குப் பதிலாக ஜாக்சனின் புது ஸ்கூட்டர் உறைக்குள் போயிருக்கிறது. நீ ‘நான்கு சிப்பிகளும் அழகு’ என்று எழுதி என் தவறை மூடிவிட்டாய். இந்தப் பெருந்தன்மை உனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

2. உன் விருப்பப்படி வரிகள் எழுதத் தொடங்கிவிட்டேன். 12பி பஸ் பிடித்து வாரம் இரண்டு நாள் பாண்டி பஜார் போகிறேன். வரிகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் மாதிரி சொல்கிறேன்: ‘சங்கு. பழுப்பு. நீளம் பதினொரு சென்டிமீட்டர்.’ ‘சோழி. புள்ளிகள் உள்ளது.’ சரிதானே?

3. இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். நான் பிழை பார்த்து முடிப்பதற்குள் இயந்திரம் வந்துவிட்டால் என்ன செய்வது? ஜாக்சனிடம் கேட்டேன். ‘இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே’ என்று பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுதி வைத்தால் அது மரியாதையாகத் திரும்பிப் போய்விடுமாம். எழுதச் சொன்னேன்.

“இன்னா பெரியப்பா, ரோபோ வந்து ஒட்டடை கீதான்னு பாக்கப் போவுதா?” என்றான்.

“கூட்டாத வீட்டுக்கு யாரையாவது கூப்பிடுவாயா?” என்றேன்.

“எங்க வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் கூட்டாத வூட்டுக்குத்தான் வர்றாங்க” என்றான். ஆனால் எழுதினான். பொறுமைசாலி. அவனுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்புள்ள அண்ணன்,
காஸ்பர்


ஸ்கார்பரோ
20-5-1998

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். நீங்களும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

ஸ்கூட்டரும் அழகாகத்தான் இருந்தது.

நீங்கள் எழுதிய மாதிரி வரிகள் சரியில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வானத்தில் போகிற மேகத்தையே எண்ணாக்கி எழுதி வைத்த மனுஷன். சிப்பியையும் அப்படியே செய்திருக்கிறீர்கள். ‘சோழி, புள்ளிகள் உள்ளது’ என்றால் அந்த இயந்திரத்துக்கு என்ன கிடைக்கும்? பாவம், அதற்குக் கண் இல்லை. கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுப்பதுபோலச் சொல்லுங்கள். எங்கே கூர், எங்கே வழவழப்பு, எது கனம், எது கிளிஞ்சல் மாதிரி லேசு, எது உள்ளங்கைக்குள் அடங்கும்.

நிறத்தையும் விடாதீர்கள். பழுப்பு என்றால் எந்தப் பழுப்பு? வறுத்த ரவையா, டிகாக்ஷனா?

எழுதி முடித்ததும் சொல்லுங்கள். மாதாகோவில் பக்கம் போனால் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள்.

அல்போன்சா


சாந்தோம்
5-7-1998

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை. வேலைதான்.

1. மெழுகுவத்தி ஏற்றினேன். உன் பெயருக்கு ஒன்று, ஜாக்சனின் கம்ப்யூட்டருக்கு ஒன்று. இரண்டாவதைப் பங்குச் சாமியாரிடம் சொல்லவில்லை.

2. நீ சொன்னபடி எல்லா வரிகளையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சிப்பியையும் கையில் எடுத்துத் தடவிய பிறகுதான் எழுதினேன். இத்தனை வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அவற்றின் எடையே தெரியாமல் இருந்திருக்கிறது. மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன், சரிபார்:

‘விசிறிச் சிப்பி. உள்ளங்கை நிறையும். வெளியே சீப்பின் பற்கள்போல வரிகள், நகத்தால் இழுத்தால் சத்தம் கேட்கும். உள்ளே பீங்கான் கிண்ணத்தின் வழவழப்பு. நிறம், பாலாடையில் குங்குமப்பூ ஊறியதுபோல.’

‘முள்சங்கு. உடம்பெல்லாம் முள், ஆகவே வாலைப் பிடித்துத் தூக்கவும். வலையில் சிக்கி வலையைக் கிழித்ததால், மீனவர் திட்டிக்கொண்டே கொடுத்தது.’

‘பெரிய சங்கு. தேங்காய் மூடி அளவு, அதைவிடக் கனம். முதுகு சொரசொரப்பு. வாயின் உள்விளிம்பில் ஓர் உடைவு. கட்டைவிரலை வைத்தால் அளவெடுத்ததுபோலப் பொருந்தும்.’

3. வேறு திருத்தங்கள். முகப்புப் பக்கத்தில் அலமாரியின் படம் மட்டும் இருந்தது, படத்தில் எந்த இழுப்பறையைத் தொடுகிறோமோ அது திறக்கும். இயந்திரத்துக்கு அப்படித் தொடத் தெரியாதாம். படத்தின் கீழே இழுப்பறைகளின் பெயரை எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் அதன் பக்கத்துக்கு வழி வைத்தேன். எல்லாப் பக்கத்துக்கும் ‘பக்கம் 1’, ‘பக்கம் 2’ என்று தலைப்பு கொடுத்திருந்தேன். ஜாக்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். “பெரியப்பா, யாராச்சும் ‘பக்கம் ரெண்டு’ன்னு தேடுவானா?” நியாயம்தான். இப்போது ‘சாந்தோம் கடற்கரைச் சோழிகள்’ என்று தொடங்கி எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு.

4. தேடும் இயந்திரத்துக்கு நம் முகவரியை ஜாக்சன் தெரிவித்துவிட்டான். சில வாரம் ஆகுமாம். நீ தேடிக்கொண்டே இரு.

நீ திருத்தியிராவிட்டால் என் சிப்பிகளை நானே அறிந்திருக்க மாட்டேன். நன்றி, அல்போன்சா.

அண்ணன்,
காஸ்பர்


ஸ்கார்பரோ
30-8-1998

மரியாதைக்குரிய காஸ்பர் அண்ணனுக்கு, இதை எழுதுவது ஜமீலுன்னிசா. நான் ராயப்பேட்டைப் பெண், இங்கே அல்போன்சா அக்காவுக்கு எதிர்வீடு. அக்காவுக்குக் கை சுளுக்கு. அவங்க சொல்லச் சொல்ல எழுதறேன். தப்பிருந்தா என்னுது.

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். கை பெரிய விஷயமில்லை, பயப்படாதீர்கள்.

நீங்கள் எழுதிய வரிகள் மிக நன்றாக இருக்கின்றன. எல்லாவற்றையும்தான் சொல்கிறேன். ஆறாம் இழுப்பறையில் அந்தச் சிறிய ஊதா சிப்பிகளைப் பற்றி, ‘சட்டைப் பொத்தான்போல, கொட்டினால் மழைச்சத்தம்’ என்று சொல்லியிருப்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இது வானிலைக்காரர் புத்தி.

உள்விளிம்பு உடைந்த பெரிய சங்கை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அது ஒன்று போதும்.

தேடல்தான் இன்னும் சரிப்படவில்லை. வராவிட்டால் போகட்டும், நீங்கள் அலைய வேண்டாம்.

அல்போன்சா

(அண்ணா, நான் ஜமீலா. அக்கா சொல்லாததை ஒண்ணு சொல்றேன். ராத்திரி சாப்பிட்டதும் உங்க சிப்பிப் பேச்சுதான். எங்க வீட்டுக்காரர் ஷரீஃப்கூட, ‘இன்னிக்கு எந்த டிராயர்?’னு கேக்கறார்.)


சாந்தோம்
27-9-1998

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. கை எப்படி இருக்கிறது? நான் நலம்.

சங்கைப் பஞ்சு சுற்றித் தனியாக வைத்துவிட்டேன். ஆனால் பக்கம் இன்னும் தேடலில் வரவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இருக்கிறது. கிறிஸ்மஸ் நெருங்குகிறது. முறையாகத் தேடி, முழுதும் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன் என்றாய். இப்போது ஒன்று போதும் என்கிறாய். என்மேல் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. எங்கோ நான்தான் தவறு செய்திருப்பேன். கண்டுபிடிக்கிறேன்.

ஜமீலுன்னிசாவுக்கும் ஷரீஃபுக்கும் என் வணக்கமும் நன்றியும்.

காஸ்பர்


சாந்தோம்
1-11-1998, சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. என் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

தவறு அகப்பட்டது. நேற்று ஜாக்சன் கடையில் ஒரு பக்கத்தின் உள்ளெழுத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். ‘இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே’ என்ற என் வரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்து மற்றவற்றை ஒழுங்காகப் பிரதி செய்ததால் எல்லாவற்றிலும் இருந்தது. பிழை திருத்தி முடித்ததும் எடுக்க வேண்டும். பிழை முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவே இல்லை, ஆகவே எடுக்கவும் சொல்லவில்லை.

ஜாக்சன் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். “ஆறு மாசமா ரோபோவ வா வான்னு கூப்டுக்கினு, கதவுல ‘வராத’ன்னு போர்டு மாட்டி வெச்சுக்கினு கீற. அது இன்னாதான் பண்ணும், அழுவுமா?” உடனே எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டான். தானும் பார்க்கத் தவறிவிட்டதாக என்னைச் சமாதானப்படுத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் வேறு ஒரு கணக்கு மனதில் ஓடியது. வரிசையாக எழுதுகிறேன்.

அ. இயந்திரம் நம் பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஆகவே நீ தேடி வந்திருக்க முடியாது. முகவரியை அடித்துத்தான் வந்திருக்கிறாய். அடிக்க மாட்டேன் என்றவள் நீ.

ஆ. ஆறாம் இழுப்பறையின் மழைச்சத்தத்தை நான் கடிதத்தில் எழுதவில்லை. பக்கத்திலும் அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. படத்துக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கிறது.

இ. புகைப்படத்தில் இருந்தது ஸ்கூட்டர்.

ஈ. பேனா. கை சுளுக்கு.

இன்று பூசை முடிந்து மறுபடி ஜாக்சனிடம் போனேன். படங்கள் வராமல் அணைத்துவைக்கச் சொன்னேன். சிப்பிகள் எல்லாம் மறைந்தன. என் வரிகள் மட்டும் நின்றன.

என் கணக்கு தவறாக இருக்க வேண்டும். தவறாகப் போடுவதில் எனக்குப் பழக்கமும் உண்டு. உனக்குக் கண் எப்படி இருக்கிறது, அம்மா? பதில் சொல்லப் பிரியமில்லை என்றால் இந்தப் பத்தியை ஜமீலுன்னிசா படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
காஸ்பர்


ஸ்கார்பரோ
24-11-1998

அன்புள்ள அண்ணனுக்கு, அல்போன்சா சொல்ல ஜமீலா எழுதுவது. அந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

உங்கள் கணக்கு சரி. கண்ணில் அழுத்தம் என்று போன வருஷம் சொன்னார்கள். கிறிஸ்மஸுக்குக் கடிதம் எழுதியபோது என் எழுத்து மட்டும் தெரிந்தது, பெரிதாக எழுதினால். இப்போது வெளிச்சமும் இருட்டும் தெரிகிறது. கை நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே நூலகத்தில் என்போன்றவர்களுக்கு ஒரு வகுப்பு. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். தேனாம்பேட்டை ஆபீசில் டைப் அடித்த விரல்கள் ஆனபடியால் அடிப்பதில் கஷ்டமில்லை. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே ஜமீலா முகவரி சொன்னாள், அடித்தேன். அது என்ன சொன்னது தெரியுமா? ‘படம். படம். படம். படம்.’ கடைசி வரை அவ்வளவுதான். கரோல் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அவளுக்கு எது சோழி என்றே தெரியாது.

அப்போது வகுப்பு எடுக்கிற அம்மாள் ஒன்று சொன்னாள். தேடும் இயந்திரம் படிக்கக்கூடியபடி செய்த பக்கம் எதுவோ, அது உனக்கும் கேட்கும் என்றாள். அதனால்தான் உங்களிடம் அந்தப் பிடிவாதம்.

உண்மையைச் சொல்லியே கேட்டிருக்கலாம். சொன்னால் என்ன செய்திருப்பீர்கள்? அலமாரியைப் பள்ளிக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள். திருவான்மியூர் போயிருக்க மாட்டீர்கள். ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பீர்கள். வரிகள் எழுதியிருந்தாலும் ‘என் பாவப்பட்ட தங்கைக்கு’ என்று எழுதியிருப்பீர்கள். எனக்கு அது வேண்டாம். இயந்திரத்துக்கு எழுதும்போது நீங்கள் இரக்கப்பட மாட்டீர்கள், சரியாக எழுதுவீர்கள். அதுதான் நடந்தது.

அண்ணே, கண் போன பிறகு எல்லாரும் எனக்கு எதையாவது விளக்குகிறார்கள். காட்டியது நீங்கள்தான். டிகாக்ஷன் நிறச் சோழியைப் பார்த்தேன். முள்சங்கு கையில் குத்தியது. அலமாரி முழுதும் பார்த்துவிட்டேன், இனி நிம்மதியாகக் கொடுங்கள். அந்தப் பெரிய சங்கு மட்டும் எனக்கு. உடைந்தது என் கையிலிருந்து விழுந்துதான், மறந்துவிட்டீர்கள். அதில் கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

அழாதீர்கள். ஜமீலாவும் அழுதுகொண்டே எழுதுகிறாள், மை கலைகிறது என்று திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நன்றியுள்ள தங்கை,
அல்போன்சா


திருவான்மியூர், சென்னை 41
10-1-1999

அன்புத் தங்கை அல்போன்சாவுக்கு, அண்ணன் புத்தாண்டு ஆசியுடன் எழுதுவது.

1. நலம். அழாதே என்றாய். அதில் மட்டும் உன் சொல்லைக் கேட்கவில்லை.

2. புது வீடு: வாசலைத் தாண்டியதும் வலக்கையில் சுவர், குளுமையான சுண்ணாம்பு, இன்னும் கையில் ஒட்டுகிறது. ஜன்னல் கம்பிகளில் உப்பு நரநரக்கிறது. கடல் தெரியாது, கேட்கும். பஸ் நிலையம் அதைவிட நன்றாகக் கேட்கும்.

3. அலமாரி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. தலைமையாசிரியையிடம் தயங்கித் தயங்கி ஒரு விண்ணப்பம் வைத்தேன், ஒரு இழுப்பறைக்கு மட்டும் கண்ணாடி வேண்டாம், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று. “எல்லாத்தையும் உடைச்சுடுவாங்களே சார்” என்றார். உடையட்டும் என்றேன். எனக்கே ஆச்சரியம்.

4. சங்கு புறப்பட்டுவிட்டது. நம் பங்கில் ஓர் அம்மாள் டொராண்டோவில் இருக்கும் மகளிடம் போகிறார், மடியில் வைத்தே கொண்டுவருவதாகச் சொன்னார். உறையில் படம் ஒன்றும் வைக்கவில்லை.

5. புதன்கிழமை ஜாக்சன் கூப்பிட்டனுப்பினான். ‘சாந்தோம் சிப்பி’ என்று அடித்தான். நம் பக்கம் வந்து நின்றது. “பாத்தியா பெரியப்பா, ஒட்டடையெல்லாம் அது கண்டுக்கவே இல்ல” என்றான். கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது, நீயும் ஒருமுறை தேடிப் பார்.

6. நன்றி. ஜாக்சனுக்கு, ஷரீஃபுக்கு, நமக்காக எழுதியும் படித்தும் கண் சிவந்த ஜமீலுன்னிசாவுக்கு, நூலகத்தில் வகுப்பெடுக்கும் முகம் தெரியாத அம்மாளுக்கு. எல்லாருக்கும் மேலாக, என்னைப் பிடிவாதம் பிடித்து எழுதவைத்த உனக்கு.

7. உன் கடிதங்களோடு என் நகல்களையும் அடுக்கி வைக்கும்போது மார்ச் மாதத்துக் கடிதத்தைப் படித்தேன். அதில் நான்காவது செய்தியில், மனிதர் யாரும் படிக்கப் போகாத வரி என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவாகச் சந்தேகமில்லை என்றும் எழுதியிருக்கிறேன். அது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

அன்புள்ள அண்ணன்,
காஸ்பர்